சங்கத்தினர் எழுப்பிய நினைவகம்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளின் ‘ஃப்ரட்டர்னிட்டி’ எனும் மாணவர் சங்கங்கள், பெரிய ஆளான பழைய உறுப்பினர்களைக் கொண்டாடுவதுண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. விருந்து, கேடயம் எல்லாம் சரி, என்னை உலுக்கியது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா செய்ததுதான். 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் தொடங்கிய சங்கம் அது. பாஸ்டனில் படித்தபோது, 1952-இல், மார்ட்டின் லூதர் கிங் அதன் சிக்மா கிளையில் சேர்ந்தார். அவருக்கு வாஷிங்டனில் நினைவகம் வேண்டும் என்று 1984-இல் கிளம்பியவர்கள் இச்சங்கத்தினர். திறக்க 2011 ஆகிவிட்டது. 27 வருடம் விடாமல் நின்றிருக்கிறார்கள்!

மகளைப் பார்க்கப் போனபோது அந்த 30 அடி உருவத்தின் முன் நின்றேன், கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் மகள் சொன்னாள்: இடத்தின் கதவு எண் 1964, இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் வந்த ஆண்டு.