கடல்நீர்த் தொட்டி: உப்பைக் கூட்டுமுன் கருவியைச் சோதியுங்கள்

மும்பை வாசகர்கள் கடல்மீன் தொட்டியின் உப்பளவு பற்றிக் கேட்ட கேள்விகளில் சில, பதில்களுடன்.

மூன்றடித் தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால் வைத்திருக்கிறேன். என் முள் ஹைட்ரோமீட்டர் (நீரின் அடர்த்தியை முள்ளால் காட்டும் கருவி) 1.026 காட்டுகிறது. நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) பார்த்தால் 32. எதை நம்புவது?
– செம்பூர் வாசகர்

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். நல்ல கடல்நீர் என்பது 35 பி.பி.டி., அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு. 25 டிகிரியில் அதன் ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.0264. நண்பரின் 32 என்பது சுமார் 1.024தான். இரண்டில் ஒன்றாவது தவறு. இரண்டுமே தவறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

முள் ஹைட்ரோமீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது முள்ளில் ஒட்டும் காற்றுக்குமிழி. ஒன்றிரண்டு குமிழி ஒட்டினாலே முள் தூக்கிக்கொண்டு உப்பைக் கூடுதலாகக் காட்டும். மாறாக, முள்ளில் உப்பும் சுண்ணாம்பும் படிந்தால் எடை கூடிக் குறைவாகக் காட்டும். சமமான மேசையில் வைத்து, நீரை மெல்ல நிரப்பி, இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பாருங்கள். படிவு இருந்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரின் கோளாறு வேறு வகை. விலை குறைந்த பல கருவிகளின் அளவுகோல் கடல்நீருக்கானதல்ல, சாதாரண உப்புக்கரைசலுக்கானது. வடிநீரில் பூஜ்யம் சரியாக வைத்த பிறகும், அசல் 35 கடல்நீரை அவை 36.5 என்று காட்டும். அப்படிப்பட்ட கருவி 32 காட்டினால் உண்மையில் 31க்கும் சற்றுக் கீழே. பூஜ்யத்தில் சரிசெய்து பயனில்லை. நீங்கள் அளக்கப்போகும் இடமான 35லேயே சரிசெய்ய வேண்டும்.

இதற்கான 35 பி.பி.டி. கரைசல் கடையில் சிறு புட்டியாகக் கிடைக்கிறது. வீட்டிலும் செய்யலாம். தூய சோடியம் குளோரைடு உப்பை வாணலியில் ஈரம் போக வறுத்து ஆறவையுங்கள். அதில் 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. அல்லது வடிநீரில் கரையுங்கள். தண்ணீரையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், அளவுக் குவளை சரிப்படாது. இதன் ஒளிவிலகல் 35 கடல்நீருடன் ஒத்துப்போகும். இது ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும். மின்கடத்தல் மீட்டருக்கோ தொட்டிக்கோ ஆகாது. மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, அந்தக் கரைசலில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடியைச் சாத்துங்கள். அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 35ல் விழும்வரை மேலே ரப்பர் மூடிக்குள் இருக்கும் சிறு திருகைத் திருப்புங்கள். தானாக வெப்பத்தை ஈடுகட்டும் வசதி பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். மே மாத மதியத்தில் செம்பூர் அறை அதைத் தாண்டிவிடும் என்பதால் காலையில் அளப்பதே நல்லது. இதன் பிறகு தொட்டி நீரைப் பாருங்கள்; அந்த எண்தான் உங்கள் எண். ஹைட்ரோமீட்டர் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

வீட்டு வாட்டர் ஃபில்டருக்கு வாங்கிய டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருள்களின் அளவு) பேனாவால் உப்பை அளக்கலாமா?
– தாராவி வாசகர்

முடியாது. அந்தப் பேனாக்கள் பெரும்பாலும் 9,990 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரைதான் காட்டும். கடல்நீர் சுமார் 35,000. ஆனால் தூக்கிப் போட வேண்டாம். தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ. நீரைச் சோதிக்க அதைவிட மலிவான கருவி இல்லை. வீட்டு ஃபில்டரில் டி.டி.எஸ். கன்ட்ரோலரோ மினரல் கார்ட்ரிட்ஜோ இருந்தால், அதற்கு முன்னால் ஒரு குழாய் பிரித்து எடுங்கள்.

நீர்மட்டம் குறையும்போதெல்லாம் உப்பு கலந்த நீரைத்தான் ஊற்றிவருகிறேன். இறால் இறந்துவிட்டது. சோதித்தால் 38 வருகிறது. ஏன்?
– மாட்டுங்கா வாசகி

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. குறைந்த நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை ஊற்றியிருக்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகி, அதே அளவு உப்புநீரை நீங்கள் ஊற்றினால் தினமும் 70 கிராம் உப்பு கூடுகிறது. அதாவது நாளுக்கு 0.7 பி.பி.டி. மின்விசிறி ஓடும் அறை, திறந்த தொட்டி, ஏ.சி. எல்லாம் ஆவியாதலைக் கூட்டுபவை. மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இறால், நத்தை, நட்சத்திர மீன் இவற்றின் உடல்நீர் சுற்றியுள்ள நீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அவைதான் முதலில் விழும்.

38ஐ 35க்கு இறக்க, நூறு லிட்டருக்கு மொத்தம் 8 லிட்டர் தொட்டி நீரை எடுத்து ஆர்.ஓ. நீரால் ஈடுகட்ட வேண்டும். ஒரே மூச்சில் செய்யாமல் நாளுக்கு 2 லிட்டராக நான்கு நாள். அன்றாட ஆவியாதலுக்கு ஊற்றும் நீர் இதில் சேராது. எப்போதும் ஒரே கோட்டுக்கு நிரப்ப, கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் கோடு அதன் பம்ப் அறையில். மேல் தொட்டியில் மட்டம் மாறாது.

தானாக நீர் நிரப்பும் மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்துகொண்டதால், வாளியில் இருந்த ஆர்.ஓ. நீர் முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டது. உப்பளவு 31. உடனே உப்பு போடலாமா?
– முலுண்ட் வாசகர்

உலர் உப்பைத் தொட்டியில் நேரடியாகப் போடவே வேண்டாம். கரையாத துகள் இறாலின் மேலும் மீனின் மேலும் விழுந்தால் சுடும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ.வுக்குப் பதில் 35 உப்புநீரை ஊற்றுங்கள். மாட்டுங்கா வாசகியைச் சிக்கலில் தள்ளிய அதே செயல் உங்களுக்கு மருந்து. மேலே சொன்ன கணக்கில் ஆறு நாளில் 35ஐத் தொட்டுவிடுவீர்கள், தொட்டதும் ஆர்.ஓ.வுக்குத் திரும்புங்கள். இறங்குவதைவிட ஏறுவது உயிர்களுக்குக் கடினம். நாளுக்கு 1 பி.பி.டி.க்கு மேல் ஏற்றாதீர்கள்.

மிதவை மறுபடி மாட்டத்தான் செய்யும். அதற்குச் சல்லடைக் கூண்டு போடுங்கள்; மேலே இரண்டாவது மிதவை ஒன்றை வையுங்கள். வாளியையும் சிறிதாக்குங்கள். 35ல் உள்ள நூறு லிட்டருக்கு 10 லிட்டர் வாளி முழுவதும் கொட்டினால் 31.8 ஆகும். 3 லிட்டர் என்றால் 34. வாரம் முழுக்க வெளியூர் போகிறவர்களுக்கு இது இடைஞ்சல்தான்.

மாஹிம் கடல் பக்கத்திலேயே இருக்க, உப்பு வாங்கிக் காசைக் கரைப்பானேன்?
– மாஹிம் வாசகர்

மித்தி ஆறு ஊர்க் கழிவோடு அந்த விரிகுடாவில்தான் கலக்கிறது. மழைக்காலத்தில் கரையோர நீர் நீர்த்தும் போகும். ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் உப்பளவு ஒத்துவராது. காசு கரைந்தாலும் பரவாயில்லை, உப்பையே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் உப்புப் பொட்டலம் கல்லாக இறுகிவிட்டது. பயன்படுத்தலாமா?
– வாஷி வாசகி

ஈரம் குடித்து லேசாகக் கட்டியிருந்தால் உடைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எடை பார்த்துக் கலக்கும் பழக்கத்தை விடுங்கள். பொதுவாக லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போதும். ஈரம் ஏறிய உப்பில் அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் உப்பளவு குறைவாகவே வரும். நீரில் பவர்ஹெட்டை (நீருக்குள் ஓடும் சிறு பம்ப்) ஓடவிட்டு உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தெளிந்த பிறகு அளந்து, குறைந்ததைக் கூட்டுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றும் தலைகீழ் வேலை வேண்டாம். அடர்ந்த கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும்.

கட்டி பாறை போல் இருந்தால், பொட்டலத்துக்குள்ளேயே அப்படிப் படிந்திருக்க வாய்ப்புண்டு. கலந்த நீர் ஒரு நாள் கழித்தும் பால் போலக் கலங்கி இருந்தாலோ, உறையில் அச்சிட்ட அளவைவிட கே.எச். (கார்பனேட் அளவு) சோதனையில் வெகுவாகக் குறைந்தாலோ, ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டினாலும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அடுத்த பொட்டலத்தைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள வாளிக்கு மாற்றிவிடுங்கள். அளந்து எடுப்பதற்கு முன் வாளியைப் பக்கவாட்டில் உருட்டிக் கலக்குங்கள், கனமான துகள்கள் அடியில் தங்கியிருக்கும்.