கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கிற கடைல) வாங்குன கார் காலை வாரிடுச்சா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் வக்கீல் இல்ல, ஆக்சிடென்ட் வண்டி சர்வே பாக்குற ஆளு. நுகர்வோர் ஆணையத்துல நாலஞ்சு தடவ என் ரிப்போர்ட்டோட போய் நின்னிருக்கேன், ஜெயிச்சதும் பாத்திருக்கேன், நியாயம் இருந்தும் பேப்பர் இல்லாம தோத்ததும் பாத்திருக்கேன். கேளுங்க.

கேள்வி: அண்ணே, 4.35 லட்சத்துக்கு ஒரு டீசல் கார் எடுத்தேன். 11வது நாள் பைபாஸ்ல டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறி நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின்ல ஆயிலும் கூலன்ட் தண்ணியும் கலக்காம தடுக்கிற சீல்) போயிருக்குன்னு மெக்கானிக் சொல்றாரு, இன்ஜின இறக்கணுமாம். கன்சல்டிங்காரர் 'உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டீங்கல்ல'ன்னு போன வச்சிட்டாரு.

தம்பி, மொதல்ல இன்ஜின இறக்காதீங்க. பிரிச்சிட்டீங்கன்னா நாளைக்கு அவர் 'உங்க மெக்கானிக்தான் கெடுத்தான்'னு சொல்லுவாரு, அதோட முடிஞ்சுது. வண்டி நல்லா ஆறுனப்புறம் ஆயில் ஊத்துற மூடிய தொறந்து அடிப்பக்கம் பாருங்க, மோர் கணக்கா வெள்ளையா வழவழன்னு ஒட்டியிருந்தா அத வீடியோ எடுங்க, அதே வீடியோல மீட்டர் கிலோமீட்டரும் நம்பர் பிளேட்டும் தெரியணும். கூலன்ட் டப்பாவையும் எட்டி பாருங்க, அடில மணல் மாதிரி பொடி படிஞ்சிருந்தா லீக் அடைக்கிற பவுடர் போட்டு வித்திருக்க வாய்ப்பு உண்டு. போன வருஷம் நான் பாத்த வண்டி ஒண்ணுல அந்த டப்பாவ கவுத்தா ஒரு கைப்பிடி பொடி கொட்டுச்சு. அப்புறம் வண்டிய டோ பண்ணி கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கொண்டுபோய் என்ன கோளாறு, எப்படி வந்திருக்கும், எவ்ளோ ஆகும்னு லெட்டர்ஹெட்ல எஸ்டிமேட்டோட எழுதி வாங்குங்க.

அந்தக் கையெழுத்துக்கு பயப்படாதீங்க. டயர் தேய்மானம், ஏசி கூலிங் கம்மி, இதுக்கெல்லாம் அது அவருக்கு உதவும், ஏன்னா பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குனீங்க. ஆனா கோளாறு தெரிஞ்சே மறைச்சு வித்தாருன்னு காட்ட முடிஞ்சா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல அது வேற கணக்கு. 'இன்ஜின் பக்கா, ஒரு வேலையும் இல்ல'ன்னு வாட்ஸப்ல எழுதியோ வாய்ஸ் அனுப்பியோ இருந்தாரா? அத அழிச்சிடாதீங்க, போனையும் மாத்தாதீங்க.

கேள்வி: மீட்டர்ல 62 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுச்சு. சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்தா போன வருஷமே 1,38,000 ஓடியிருக்கு!

வருத்தமான விஷயம்தான், ஆனா கேஸ்னு பாத்தா இதவிட லட்டு மாதிரி கேஸ் கெடைக்காது. மத்த கோளாறுல எக்ஸ்பர்ட் வரணும், வாதாடணும். இதுல ரெண்டு பேப்பர பக்கத்துல பக்கத்துல வச்சா போதும். ஹிஸ்டரில சேஸிஸ் நம்பர் இருக்கணும், சீல் இருக்கணும். 62 ஆயிரம்னு அவர் போட்ட விளம்பரத்த அவர் தூக்குறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க.

கேள்வி: மாமாவோட ஃப்ரெண்டுகிட்ட நேரா வாங்கினேன். நுகர்வோர் ஆணையம் போலாமா?

முடியாதுங்க. அவர் வியாபாரி இல்ல. சிவில் கோர்ட்தான், இல்லன்னா மாமாவ வச்சு பஞ்சாயத்து.

கேள்வி: எனக்கு வண்டி வித்த ஆளு 'நான் வெறும் புரோக்கர்தான், கமிஷன் மட்டும்தான் எடுத்தேன், பழைய ஓனர புடிங்க'ங்கிறாரு.

எல்லாரும் பாடுற பாட்டு இது. 2023 ஏப்ரல் 1லேந்து பழைய வண்டி வாங்கி விக்கிற டீலருக்கு ஆர்டிஓ அத்தாட்சி வேணும்னு மோட்டார் வாகன விதி மாறியிருக்கு. அப்படி அத்தாட்சி வாங்குன டீலர்கிட்ட ஓனர் வண்டிய ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி போடணும், அதுக்கப்புறம் அந்த வண்டிக்கு ஓனர் ஸ்தானம் டீலருக்குத்தான். அத்தாட்சியே இல்லாம வியாபாரம் பண்றாருன்னா அதையும் புகார்ல எழுதுங்க. எல்லாத்தவிட முக்கியம் பணம் யார் அக்கவுன்ட்டுக்கு போச்சுங்கிறது. ஜிபே அவர் நம்பருக்கு, ரசீது அவர் கடை பேர்ல, அப்புறம் என்ன புரோக்கர்? முழுசா கேஷா குடுத்திருந்தா கொஞ்சம் கஷ்டம்தான். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் 3 லட்சத்த மஞ்சப்பையில கொண்டுபோய் குடுத்துட்டு துண்டுச்சீட்டு கூட இல்லாம வந்து நின்னாரு. என்னத்த சொல்ல.

கேள்வி: நான் தென்காசி, வண்டி வாங்குனது கோயம்புத்தூர். அங்க அலையணுமா? வக்கீல் ஃபீஸ் வேற...

வேணாம். நீங்க குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்துலயே போடலாம், 2019 சட்டத்துல வந்த நல்ல விஷயம் இது. வண்டிக்கு குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம்தான். குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே இல்ல, 5லேந்து 10 லட்சம்னா 200 ரூபா. வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயும் போடலாம். கோளாறு தெரிஞ்சதுலேந்து 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும்.

அதுக்கு முன்னாடி 1915க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க, காசு இல்ல, சில பேர் அதுலயே இறங்கி வந்துடுவாங்க. அப்புறம் டீலருக்கு ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ், 15 நாள் டைம் குடுத்து. சட்டத்துல 3 மாசம், டெஸ்ட் தேவப்பட்டா 5 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, நடைமுறைல இழுக்கும், மனச தயார் பண்ணிக்கோங்க.

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டத்தான் வாங்கினேன். தொழிலுக்குன்னா கேஸ் நிக்காதாமே?

நீங்களே ஓட்டி பொழைக்கிறதுக்குன்னா நிக்கும். புகார்லயே அத எழுதிடுங்க. நாலு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுறவங்களுக்குத்தான் சிக்கல்.

கேள்வி: லோன்ல வாங்குனது. ஈஎம்ஐ நிறுத்திடவா?

ஐயோ வேணாம். பேங்க்காரன் வேற, கன்சல்டிங்காரன் வேற. சிபில் அடிவாங்கும், வண்டிய தூக்கிட்டும் போயிடுவாங்க. கட்டுங்க, அந்த வட்டியையும் சேத்து கேஸ்ல கேளுங்க.

கேள்வி: டீலர் சமாதானத்துக்கு வந்துட்டாரு. 'வண்டிய நாளைக்கே விட்டுட்டு போங்க, ஃபார்ம்ல கையெழுத்து போட்டுடுங்க, பணம் பத்து நாள்ல'ங்கிறாரு. போலாமா?

பணம் அக்கவுன்ட்ல ஏறாம சாவிய குடுக்காதீங்க. ஆர்சி உங்க பேர்ல மாறிடுச்சுல்ல? பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல வெத்தா கையெழுத்து போட்டு குடுத்துட்டு வந்தா, வண்டி அவர்கிட்ட, பேரு உங்களது. நாளைக்கு அத யாராவது எடுத்துட்டு போய் ஒரு ஆள இடிச்சா நஷ்டஈடு ஆர்சில பேர் இருக்கிறவர் தலைலதான், 2018ல நவீன் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அதனால இத்தனாம் தேதி, இத்தன கிலோமீட்டர்ல, இந்தத் தொகைய திரும்பக் குடுத்து வண்டிய எடுத்துக்கிட்டேன்னு அவர்கிட்ட எழுதி வாங்குங்க, பேர் மாத்துறது யார் பொறுப்பு, எத்தன நாளுக்குள்ளன்னும் அதுல வரணும். 'வேற வண்டி தர்றேன், மேல 60 ஆயிரம் போடுங்க'ன்னு அடுத்து ஆரம்பிப்பாரு பாருங்க, அதுக்கு காதே குடுக்காதீங்க.