வாசகர் கேள்வி பதில்: லோரிக்கும் கதவுக்கும் நடுவில் தொங்கும் துணி

கேள்வி: ஐயா, கூலிமில் உறைய வைத்த உணவுப் பொருள்களைச் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் லோடிங் பேயில் நான்கு கதவுகள் உள்ளன. லோரி பின்னோக்கி வந்து நிற்கும்போது இடைவெளியை மூடுவதற்காக ஒவ்வொரு கதவைச் சுற்றிலும் டாக் ஷெல்டர் எனப்படும் துணிக்கூடு பொருத்தப்பட்டிருக்கிறது. பதினான்கு மாதங்களில் பக்கத் திரைகள் எல்லாம் கிழிந்துவிட்டன. மேல் திரைகள் மட்டும் புதிதுபோல் இருக்கின்றன. சதுர மீட்டருக்கு 650 கிராம் எடையுள்ள துணியை நீக்கிவிட்டு 900 கிராம் துணியைப் போட்டால் போதும் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
— கிடங்கு மேற்பார்வையாளர், கூலிம்

பதில்: தம்பி, மேல் திரை புதிதுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். ஒரே துணி, ஒரே மழை, ஏறக்குறைய ஒரே வெயில்; அப்படியிருந்தும் பக்கத்தில் தொங்குவது மட்டும் கிழிகிறது என்றால், அந்த இடத்தில் மட்டும் நடப்பது என்னவென்று பார்த்த பிறகுதான் துணியின் எடையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு நாள் காலையில் கதவின் ஓரமாக நின்று, நாற்பது அடிக் கண்டெய்னர் ஒன்றில் சரக்கு இறக்குவதைக் கவனியுங்கள். போர்க்லிப்ட் உள்ளே ஏறியதும் லோரியின் பின்புறம் தாழ்கிறது. சரக்கு அடுக்கிய பலகையை (பேலட்) எடுத்துக்கொண்டு அது வெளியேறியதும் மீண்டும் உயர்கிறது. கண்டெய்னரில் இருபது பலகைகள் இருந்தால், அந்த ஒரு லோரிக்கு மட்டும் பக்கத் திரை நாற்பது முறை மேலும் கீழுமாகத் தேய்கிறது. அது தேயும் இடமும் வழவழப்பானதல்ல. கண்டெய்னரின் கதவுகளைத் திறந்து பக்கவாட்டில் மடக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, அவற்றின் கீல்களும் பூட்டுத் தண்டுகளும் துணியின் மேல்தான் அழுந்துகின்றன. உங்கள் பழைய திரையை அவிழ்த்துப் பாருங்கள். கிழிசல் கீலின் உயரத்தில் தொடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனித் துணிக்கு வருவோம். இவ்வகைத் துணியில் இரண்டு பாகங்கள் உண்டு. உள்ளே இருப்பது பாவும் ஊடையுமாக நெய்த பாலியெஸ்டர் துணி. இழுவையைத் தாங்குவது அது. அதன் இருபுறமும் பூசப்பட்டிருப்பது பிவிசி. தேய்மானத்தையும் நீரையும் வெயிலையும் தாங்குவது இது. விற்பனையாளர் சொல்லும் 900 கிராமில் உள்துணியின் பங்கு பெரும்பாலும் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே 650 கிராம் 900 கிராமாகும்போது உள்ளே இருக்கும் நூல் தடித்திருக்கிறதா, அல்லது அதே நூலின்மேல் பூச்சு மட்டும் தடித்திருக்கிறதா என்று நீங்கள் கேட்டாக வேண்டும். நூலின் பருமனை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 1000 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடை 1,000 கிராம் என்று பொருள். எடையைச் சொல்லி டெனியரைச் சொல்லாத விலைப்பட்டியலை நான் ஏற்பதில்லை.

பூச்சு தடித்தால் துணி எளிதில் கிழியாது என்றுதான் எவரும் எண்ணுவார்கள். உண்மையில் பல நேரங்களில் நடப்பது எதிர்மாறானது. சற்றுத் தளர்வாக நெய்த துணியில் கிழிசல் வரும்போது, அதன் முனையில் உள்ள நூல்கள் கொஞ்சம் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து, கயிறுபோலத் திரண்டு எதிர்க்கின்றன. கடினமான பூச்சு நூலுக்குள் ஆழ இறங்கி அவற்றை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு நூலும் தனித்து நின்று ஒவ்வொன்றாக அறுகிறது. தேய்மானத்துக்குத் தடித்த பூச்சு உதவும். கிழிசலைத் தடுப்பது நூலும் நெசவும்தான்.

பிவிசி இயல்பில் கடினமானது; நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பொருளால் ஆனதுதான். 1926இல் அமெரிக்காவின் பி.எப்.குட்ரிச் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர் அதை வளையும் பொருளாக்கும் வழியைக் கண்டார். எண்ணெய் போன்ற இளக்கிப் பொருள் உள்ளே கலந்திருப்பதால்தான் அது துணிபோல் வளைகிறது. நம் நாட்டு வெயிலில், ஆண்டு முழுவதும், அந்த இளக்கி மெல்ல மெல்ல வெளியேறுகிறது, துணி விறைக்கிறது, மடிப்பில் வெடிக்கிறது. வெடிப்பு விழுந்த இடத்தில் மழைநீர் நூலை அடைகிறது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நூல் அந்நீரை உள்ளே இழுத்துச் செல்கிறது, பின்னர் உள்ளேயே கரும்பூஞ்சை பிடித்துப் பூச்சு துணியிலிருந்து விட்டுப் பிரிகிறது. விலையைக் குறைப்பதற்காகச் சுண்ணாம்புத் தூளை மிகுதியாகக் கலந்த பூச்சில் இந்த வெடிப்பு விரைவாக வரும். தூள் எடையைக் கூட்டும் என்பதால், கனமான துணி என்று நம்பி நீங்கள் வாங்குவது சுண்ணாம்பாகவும் இருக்கலாம்.

எனவே வாங்குவதற்கு முன் ஒரு சாண் அகலத்தில் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை நான்காக மடித்து நகத்தால் அழுத்தி விரியுங்கள். மடிப்பில் வெள்ளைக்கோடு பளிச்சென்று விழுந்து மறையாமல் நின்றால் தூள் அதிகம் என்று கொள்ளலாம். இன்னொரு துண்டை நேராக வெட்டி, வெட்டிய விளிம்பு மட்டும் நனையும்படி நீல மை கலந்த நீரில் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் எடுத்துப் பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால், நீலம் நூல் வழியாக எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது தெரியும். கூலிமைச் சுற்றியிருந்த தோட்டங்களின் புகைக்கூடங்களிலிருந்து ரப்பர் ஷீட்டு ஏற்றிச் சென்ற லோரிகளுக்குக் கென்வஸ் தைத்துக் கொடுத்த பட்டறையில் நான் வேலை பழகிய நாளிலிருந்து, விலை பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் இருந்ததில்லை. நூலுக்கே நீர் ஏறாதபடி மருந்திட்ட துணி கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். நைலானைவிடப் பாலியெஸ்டரே இங்கு நல்லது. ஈரக்காற்றில் நைலான் தன் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சித் தளரும். பாலியெஸ்டர் உறிஞ்சுவது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவும் செய்தாலும் கீல் தேய்க்கும் இடத்தில் எந்தத் துணியும் ஒரு நாள் தேயத்தான் செய்யும். அதனால் பக்கத் திரையின் உள்விளிம்பில், நம் பழைய லயத்து வீடுகளின் அத்தாப்புக் கூரைபோல, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி துண்டு துண்டாகத் தேய்மான மடிப்புகளை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தேய்ந்த துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முழுத் திரையையும் அவிழ்க்க வேண்டியதில்லை. கனமான துணியை அந்தத் துண்டுகளுக்கு வாங்குங்கள். மேல் திரைக்கு 650 கிராமே போதும். அதை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கிழிந்த திரையோடு இன்னும் சில மாதம் ஓட்டிவிடலாம் என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். வெளியே 30 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராக வழியும். கிழிசல் வழியாக நுழையும் காற்று உங்கள் மேடைத் தரையில் செய்வது அதைத்தான். ஈரத்தரையில் போர்க்லிப்ட் ஓட்டும் பையனை நினைத்துக்கொண்டு மேலாளரிடம் பேசுங்கள்.

கேள்வி: என் தகப்பனார் முப்பது ஆண்டு பால்வெட்டியவர். ரப்பர் விளையும் நம் நாட்டில், இத்தகைய திரைகளுக்கு ரப்பர் பூசாமல் ஏன் பிவிசியைத் தேடுகிறார்கள்?
— ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, பாடாங் செராய்

பதில்: ஐயா, பூச்சுத் துணியின் வரலாறே ரப்பரில்தான் தொடங்குகிறது. 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் துணி வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் சார்ல்ஸ் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற பிறகே அது நம்பகமான பொருளாயிற்று. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டது அதற்கும் பின்னால்தான்.

ஆனால் இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்திருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் அவற்றைத்தான் தாக்குகிறது. இழுத்து வைத்த ரப்பர் பட்டையை வெளியில் தொங்கவிட்டால், இழுவைக்குக் குறுக்காகச் சின்னஞ்சிறு வெடிப்புகள் விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாள் முழுவதும் வெயிலில் வளைந்து நிற்கும் திரைக்கு அது தாங்காது. வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பர்கள் உண்டு. ஹைபலான் அவற்றுள் பெயர்பெற்றது. டுபோன் நிறுவனம் அதன் உற்பத்தியை 2010இல் நிறுத்திவிட்டது என்றாலும், அதே வகை ரப்பரை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. பூசித் தரும் துணியின் விலைதான் பிவிசியைவிட மிகக் கூடுதல்.

உங்கள் தகப்பனார் வெட்டிய பால் லோரி வந்து நிற்கும் அந்த மேடைக்கு வராமல் இல்லை. அடுத்த முறை போகும்போது திரைக்குக் கீழே குனிந்து பாருங்கள். லோரி வந்து முட்டும் இடத்தில், பழைய லோரி டயர்களைப் பட்டை பட்டையாக வெட்டி, இரும்புத் தண்டில் கோத்து இறுக்கிய கறுப்புக் கட்டைகள் இருக்கும். லோரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு பெரியது, ஏனென்றால் சூடேறாமல் அத்தனை பாரத்தைத் தாங்குவதில் அதற்கு ஈடு கண்டுபிடிக்கப்படவில்லை. பல டன் எடை வந்து மோதும்போது சுவரைக் காப்பது அந்த ரப்பர்.

கேள்வி: வணக்கம் ஐயா. லூனாசில் கென்வஸ் தையல் பட்டறை நடத்துகிறேன். இத்தகைய திரையில் ஒட்டுப்போட்டுத் தரும்படி ஒரு கிடங்கிலிருந்து கேட்கிறார்கள். தைக்கலாமா, பசை போடலாமா?
— வாசகி, லூனாஸ்

பதில்: தங்கச்சி, பிவிசித் துணியாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வெப்பக்காற்றால் ஒட்டுங்கள். ஊசித்துளை ஒவ்வொன்றும் நீர் புகும் வாசல். நெருக்கமாகத் தைத்தால் அஞ்சல் தலையின் ஓரம்போல் அந்த வரிசையிலேயே கிழியும். தைத்தே ஆக வேண்டுமானால் வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலில் நீளமான தையலாகப் போடுங்கள்.

ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் தூக்கும். இரண்டு பரப்பையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நாலு விரல் அகலம் மேற்படியும்படி வைத்து, காற்று முனைக்குப் பின்னாலேயே உருளையை அழுத்தி ஓட்டுங்கள். ஆறிய பிறகு ஒரு மாதிரித் துண்டைப் பிரித்துப் பாருங்கள்: பூச்சு பெயர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளைநூல் தெரிந்தால் ஒட்டு நல்ல ஒட்டு; பூச்சும் பூச்சும் வழுக்கிப் பிரிந்தால் சூடு போதவில்லை. கருகும் வரை சூடேற்றிவிடாதீர்கள். கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். பட்டறையின் கதவுகளைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு வேலை செய்யுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

திரை ரப்பர் பூசியதாக இருந்தால் வெப்பக்காற்றில் அது உருகி ஒட்டாது. அந்த ரப்பருக்கு உரிய பசைதான் போட வேண்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால், வேலையை ஏற்பதற்கு முன் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு வெட்டிச் சூடு காட்டிப் பாருங்கள்.