பின்னறைக்கு எட்டாத வைஃபை: பூஸ்டர் வாங்குவதற்கு முன்

கேள்வி: தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு எடுத்து எட்டு மாதங்களாகின்றன. ரவுட்டர் முன்வாசற் கதவருகே, தொலைக்காட்சி அலுமாரிக்குள் இருக்கிறது. மகள் படிக்கும் பின்னறையில் மாலை வேளைகளில் ஒன்லைன் வகுப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது. கைத்தொலைபேசியில் அளந்து பார்த்தால் அங்கே 6 அல்லது 7 எம்பிபிஎஸ்தான் காட்டுகிறது. நிறுவனத்தைக் கேட்டால், லைன் சரியாக இருக்கிறது, பெரிய பக்கேஜுக்கு மாறுங்கள் என்கிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்காரரோ, ரவுட்டரின் சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் பூஸ்டர் ஒன்று வாங்கினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?
வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். வீட்டு வாசல்வரை வரும் இணைப்பின் வேகம் ஒன்று; ரவுட்டரிலிருந்து உங்கள் மகளின் மேசைவரை வைஃபை கொண்டுசெல்லும் வேகம் இன்னொன்று. இவற்றில் எது குறைகிறது என்று அறியாமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீணாகிறது. பின்னறையில் மட்டும் அளந்த 6 எம்பிபிஎஸ் என்ற கணக்கு, அந்த இரண்டில் எது பிழை என்பதைச் சொல்லாது.

ஆகவே முதலில் ஒரு லேன் கேபிளால் மடிக்கணினியை நேரே ரவுட்டருடன் இணையுங்கள். மடிக்கணினியின் வைஃபையை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள ஏனைய கைத்தொலைபேசிகளையும் தொலைக்காட்சியையும் சிறிது நேரம் துண்டித்துவிடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒரு தடவை, இரவு 9 மணியளவில் ஒரு தடவை என மூன்று நாட்களுக்கு அளந்து, திகதியும் நேரமும் சேர்த்துக் குறித்துவையுங்கள். கேபிளில் 90 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வந்தால் லைனில் குறையில்லை. (கோப்பு இறக்கும்போது திரையில் தெரியும் மெகாபைட் கணக்கைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம்: 8 பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 12 மெகாபைட்டுகளே.) மாதாந்த டேட்டா அளவு முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் பக்கேஜ்களும் இங்கு உண்டு, உங்களுடையது அப்படிப்பட்டதா, அளவு எஞ்சியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளிலும் வேகம் குறைவென்றால், நிறுவனத்தை அழைக்குமுன் ரவுட்டருக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள். தெஹிவளையில் எங்கள் வீட்டில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் மெல்லிய ஃபைபர் கயிறு மூலையில் நசுங்கி மடிந்து கிடந்தது. லைன் அறுந்தால் ரவுட்டரில் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதால் நான் அதைச் சந்தேகிக்கவேயில்லை. இரண்டு வாரம் நிறுவனத்தோடு தொலைபேசியில் வாதாடினேன். வந்த தொழில்நுட்பவியலாளர் அலுமாரியை நான்கு விரற்கடை முன்னால் இழுத்து மடிப்பை நிமிர்த்தினார், வேகம் திரும்பியது. ஃபைபருக்குள் ஒளிதான் பயணிக்கிறது; கூர்மையாக மடித்தால் அந்த ஒளி வெளியே கசிந்துவிடும்.

ஆனால் உங்கள் விவரத்தைப் படிக்கும்போது, கேபிளில் வேகம் சரியாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பெரிய பக்கேஜ் உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. தடை லைனில் இல்லை, சுவரில் இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் எடுத்தாலும் பின்னறைக்குப் போவது அதே 6 எம்பிபிஎஸ்தான். ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 5 வேகமானது, ஆனால் கொன்கிறீட் சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும், 2.4 கூடுதல் தூரம் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் (அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள்) 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரு தொடர்மாடியில் மேலும் கீழும் பக்கத்திலுமாக இருக்கும் வீடுகள் எல்லாம் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் உங்கள் மகளின் வகுப்பு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கைத்தொலைபேசியில் சமிக்ஞை அளக்கும் இலவச செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் டீபீஎம் கணக்கு (பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது) எதிர் 67 அளவில் இருந்தால் வீடியோ வகுப்பு தடையின்றி நடக்கும், எதிர் 80ஐத் தொட்டால் நடக்காது. அதே செயலி எந்தச் சனலில் நெரிசல் குறைவு என்பதையும் காட்டும்.

காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ரவுட்டரை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து, தலைக்கு மேலான உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். தொலைக்காட்சியின் உலோக முதுகு, கண்ணாடி, மீன்தொட்டி ஆகிய எல்லாமே அலையை மறிப்பவை. இதனால் மட்டும் பின்னறை முழுமையாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வித்தியாசம் தெரியும்.

இனிப் பூஸ்டர். ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் மலிவான பூஸ்டர், வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அதைப் பலர் செய்வதுபோல் சமிக்ஞை இல்லாத அறைக்குள்ளேயே செருகினால், நலிந்த சமிக்ஞையைத்தான் அது பெருக்கும். கைத்தொலைபேசியில் கோடுகள் நிறையத் தெரியும், வகுப்பு மட்டும் ஓடாது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ரவுட்டருக்கும் பின்னறைக்கும் நடுவழியில், இரண்டு அலைவரிசையும் உள்ள ஒன்றையே வையுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், ரவுட்டரிலிருந்து பின்னறைக்கு கேட் 6 எனும் வகை லேன் கேபிள் ஒன்றை இழுப்பேன். வாடகை வீடென்றாலும் சுவரைத் துளைக்காமல், நிலத்தோரமாக ஒட்டும் கிளிப்புகளால் கொண்டுபோகலாம். இத்தகைய கேபிள் 100 மீற்றர்வரை வேகம் குறையாமல் கொண்டுசெல்லும். மறுமுனையில் மகளின் மடிக்கணினியை நேரே செருகலாம். கைத்தொலைபேசிக்கும் வைஃபை வேண்டுமென்றால், வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பொயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவியாக, மாற்றலாம்: அதன் டீஎச்சிபீ வசதியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, அதன் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதற்குரிய இலக்கத்தை) முதல் ரவுட்டரினதிலிருந்து வேறாக மாற்றி, கேபிளை அதன் லேன் துளையில் செருக வேண்டும்.

புதிதாக வாங்குவதானால், மாதிரி இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் வாக்கு மாறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். லைனே குறையென்று உங்கள் குறிப்புகள் காட்டினால், நிறுவனத்திடம் முறைப்பாட்டு இலக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்; அதன் பின்னும் தீர்வில்லையென்றால், அந்த இலக்கத்துடனும் மூன்று நாட் குறிப்புகளுடனும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தை அழையுங்கள்.