இருவர் சேர்ந்து நடன இசை தயாரித்து நிலைக்க முடியுமா?

காரைக்குடியில் கணினியில் நடன இசை உருவாக்கும் நண்பர்கள் இருவர், பெருநகருக்குப் போகாமலும் முகம் காட்டாமலும் இத்தொழிலில் நீடிக்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாரிஸைச் சேர்ந்த டாஃப்ட் பங்க் என்ற மின்னிசை இணையின் வரலாறு இதற்குப் பொருத்தமான விடை தருகிறது, அவர்கள் பெருநகரத்துப் பிள்ளைகள் என்றபோதிலும்.

பள்ளித் தோழர்களான தாமஸ் பங்கால்தரும் கீ-மனுவேலும் முதலில் நடத்திய ராக் குழுவை ஓர் ஆங்கில இசை இதழ் ஏளனம் செய்தது. அந்த ஏளனச் சொற்களையே 1993இல் தங்கள் பெயராக்கிக்கொண்டனர். 1997இல் வெளியான முதல் தொகுப்பின் பெரும்பகுதி தாமஸின் படுக்கையறையில் உருவானது என்பதால், செட்டிநாட்டு வீட்டின் ஓர் அறையே உங்களுக்குப் போதும். வர்ஜின் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தபோதும் படைப்பு முடிவுகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. என் பார்வையில் அவர்களது வெற்றியின் வேர் இதுவே.

2001இல் ரோபோ முகமூடிகளுக்குள் மறைந்தனர். 2006இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் ஒளிவீசும் பிரமிடுக்குள் நின்று வாசித்த நிகழ்ச்சி, மின்னிசைக்கும் மேடைக்காட்சி இன்றியமையாதது என்ற எண்ணத்தைப் பரப்பியது. (கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவருக்கு இது புதிதன்று.) பின்னர், எந்திர இசையின் அடையாளமாகவே ஆகிவிட்ட இவர்கள், கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ் போன்றோரை நேரில் வாசிக்கவைத்து 2013இல் வெளியிட்ட தொகுப்பு, அடுத்த ஆண்டு சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

2021இல் பிரிவதாக அறிவித்தபோது அவர்கள் வெளியிட்டிருந்த ஸ்டுடியோ தொகுப்புகள் நான்கே.