அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் அக்காவின் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அமெரிக்காவிலேயே பிறந்த 9 வயது மகனிடமும் 4 வயது மகளிடமும், அப்பா வேலை விஷயமாகப் போயிருக்கிறார் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறார். மகன் தினமும் காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறானோ என்று அக்கா நினைக்கிறார். மகள் மீண்டும் படுக்கையை நனைக்கிறாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் உடைந்துவிட மாட்டார்களா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அக்கா மகன் நடிக்கவில்லை. அச்சம் நாள்கணக்கில் நீடிக்கும்போது, ஆபத்து நேரத்தில் மிகுதியாகச் சுரக்கும் கார்டிசோல் போன்ற ஹார்மோன்களின் ஒழுங்கு குலைந்து, குழந்தையின் உறக்கம், பசி, செரிமானம் அனைத்தும் பாதிக்கப்படுகின்றன. வலி காலையில் வருவதைக் கவனியுங்கள். பள்ளி முடிந்து வரும்போது அம்மாவும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம், அவளைப் பிரியும் அந்த நேரத்தில்தான் உச்சத்தை எட்டுகிறது. மகளைப் பொறுத்தவரை, மன அழுத்தத்தில் இருக்கும் சிறு குழந்தைகள் அண்மையில் பழகியதைத்தான் முதலில் இழக்கிறார்கள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இந்த அச்சம் உடலை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2008 மே மாதத்தில் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் நகரில் ஓர் இறைச்சி ஆலையில் குடிவரவு அதிகாரிகள் சோதனை நடத்தி 389 பேரைக் கைது செய்தார்கள். அதன்பின் அம்மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் எடை குறைவாக இருக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் அதிகமாக இருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவிலேயே பிறந்த தாய்மார்களிடமும் இந்த உயர்வு காணப்பட்டது.

ஆகவே, உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 9 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். பெரியவர்கள் சொல்லாமல் விட்டதைத் தன் கற்பனையால் நிரப்பி, தன் குறும்பினால்தான் அப்பா போய்விட்டார் என்றுகூட அவன் நம்பியிருக்கலாம். "அப்பா இந்த நாட்டில் தங்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை, அதனால் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் அங்கே பத்திரமாக இருக்கிறார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை" என்பது போதும். விரைவில் வந்துவிடுவார் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். நாடு கடத்தப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல், மீண்டும் நுழையத் தடை இருக்கும். உங்கள் அத்தானின் நிலையை ஒரு குடிவரவு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

"உன்னையும் கொண்டுபோய்விடுவார்களா அம்மா?" என்று அவன் கேட்கக்கூடும். அதற்குப் பொய்யில்லாத பதில் வேண்டுமானால், அக்காவுக்கு அப்படியொரு நிலை வந்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வழக்கறிஞர் உதவியோடு எழுத்தில் முடிவு செய்து, அந்த நபரின் பெயரை அவனிடம் சொல்லி வைக்க வேண்டும்.

மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால், வருமான வரம்புக்குள் இருந்தால், பெற்றோரின் குடிவரவு நிலை எதுவானாலும் அவர்களுக்கு மெடிக்கெய்ட் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டு உதவி உண்டு. குழந்தைநல மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகரைப் பார்க்கப் பரிந்துரை கேட்கலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே உதவி நாடுங்கள். அங்கே 988 என்ற மனநல அவசர உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இந்த உண்மையை அக்கா தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மாலையாகும்போது இந்தியாவில் விடிந்துவிடும். அந்த நேரத்தில் அத்தானும் காணொளி அழைப்பில் இருந்து, தன் வாயாலேயே பிள்ளைகளிடம் சொல்லட்டும். மறுநாளும் அதே நேரத்தில் அழைத்து, மகனின் வீட்டுப்பாடத்தைக் கேட்கட்டும்.