சட்டைக் காலரை மெல்லும் சிறுவன்: வாயை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஜூன் மாதம் புதுப் பள்ளியில் சேர்த்தோம். அதிலிருந்து சட்டைக் காலரை வாயில் வைத்து மென்றுகொண்டே இருக்கிறான். மாலையில் வீடு திரும்பும்போது காலர் முனை ஈரமாகி, நூல் பிரிந்து தொங்குகிறது. மேல் பொத்தானையும் பிய்த்துவிட்டான். வகுப்பில் பிள்ளைகள் ‘ஆடு’ என்று கேலி செய்கிறார்களாம். திட்டிப் பார்த்தேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். காலரில் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார் மாமியார். தடவலாமா? இது சத்துக் குறைவா, மனநோயா? தானாகச் சரியாகிவிடுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேப்பெண்ணெய்க் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அதை உட்கொண்ட சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. காலரில் தடவுவது சில துளிகள்தான் என்றாலும், நாள் முழுவதும் அதையே சப்புகிற பையனுக்கு எதற்கு அந்தச் சோதனை? மிளகாய்த்தூள் இன்னும் மோசம்; அதே கையால் கண்ணைத் தேய்த்துக்கொள்வான். கசப்பும் காரமும் காலரை விட வைக்கலாம், மெல்லுவதற்குத் தூண்டுவதை நிறுத்தாது. காலர் போனால் பென்சில் வரும், பென்சில் போனால் நகம் வரும். மாமியார் வருத்தப்பட்டால், டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

இது மனநோய் அல்ல. இந்த வயதில் நகம் கடிப்பது, பென்சில் கடிப்பது, சட்டை மெல்லுவது எல்லாம் குழந்தைகள் நல மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிற பழக்கங்கள். ஒரே சீராக எதையாவது மெல்லுவது மனத்தை அமைதிப்படுத்தும். பஸ்ஸில் நகம் கடித்தபடி வரும் பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சில குழந்தைகள் பயந்தால் மெல்லுவார்கள், சிலர் சலித்தால், சிலர் கணக்குப் போடும்போது மும்முரத்தில். எட்டு வயதில் பால் பற்கள் ஆடி விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் காலம் வேறு. ஒரு டார்ச் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். ஆடும் பல்லோ வீங்கிய ஈறோ இருந்தால் அந்தக் குறுகுறுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் மகனுக்கு எது காரணம் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, உங்களால் கண்டுபிடிக்க முடியும். ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் கவனியுங்கள். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும்: எப்போது மென்றான், எங்கே, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. தொலைக்காட்சி பார்க்கும்போது மட்டும் மென்றால் அது கவலை அல்ல, வெறும் கைப்பழக்கம். ஞாயிறு மாலையிலும் திங்கள் காலையிலும் அதிகமானால் விஷயம் பள்ளியில் இருக்கிறது. ஜூனில் பள்ளி மாறியதும் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால் என் சந்தேகமும் அந்தப் பக்கம்தான் போகிறது.

ஆனால் ‘ஏன் கடிக்கிறாய்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவனுக்குத் தெரியாது. மிரட்டிக் கேட்டால் ஏதாவது ஒரு பதிலை உருவாக்கிச் சொல்வான். மதியச் சாப்பாட்டை யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், பாடவேளையில் கழிப்பறைக்குப் போக மிஸ் விடுவார்களா, பஸ்ஸில் எந்த இருக்கை என்று கேளுங்கள். சோறு பிசையும்போதோ தலை துவட்டும்போதோ, முகத்தைப் பார்க்காமல் கேட்டால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளை சிறுநீரை அடக்கிக்கொண்டே நாளை ஓட்டுவதும், தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் காலி செய்வதும் இப்படித்தான் வெளியே வரும். ‘ஆடு’ என்ற கேலியை வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், அவன் இல்லாத நேரத்தில். எல்லார் முன்னிலையிலும் அவனை எழுப்பி அறிவுரை சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது கேலிக்குத் தீனிதான்.

இனி பழக்கத்துக்கு வருவோம். என் அறையில் அம்மா புகார் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத்தான் நான் பார்ப்பேன். கை மெதுவாக மேலே வரும். கட்டைவிரல் காலருக்கு அடியில் நுழைந்து முனையை ஒருமுறை சுருட்டும். தலை ஒரு பக்கம் சாயும். அதற்குப் பிறகுதான் துணி வாய்க்குள் போகும். நாம் எல்லோரும் வாயையே அதட்டிக்கொண்டிருக்கிறோம். வேலை தொடங்குவதோ கையில். அந்தக் கை கிளம்பியது பிள்ளைக்கே தெரிவதில்லை.

நேத்தன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. நகம் கடிப்பது, முடி பிடுங்குவது போன்றவற்றுக்கு இன்றும் மனநல நிபுணர்கள் கற்றுத்தருவது அதன் வழிவந்த முறைகளையே. வீட்டில் இப்படிச் செய்யலாம். அவன் உற்சாகமாக இருக்கும் நேரத்தில் கண்ணாடி முன் நிறுத்தி, காலரைக் கடிப்பதுபோல் மிக மெதுவாக நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கை எங்கே கிளம்புகிறது, தலை எப்போது சாய்கிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, சிரித்துக்கொண்டே செய்வார்கள். பிறகு, கை கிளம்பியதும் அதற்கு வேறொரு வேலை கொடுங்கள்: விரல்களை மடக்கி முஷ்டியாக்கித் தொடைமேல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருப்பது. பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது, எழுதாத கையால் வகுப்பிலும் செய்யலாம். அவன் மறந்துபோகும்போது நினைவுபடுத்த உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகை இருக்கட்டும், காதைத் தொடுவதுபோல. ‘சட்டை!’ என்று விருந்தாளிகள் முன்னால் அதட்டுவதை நிறுத்துங்கள். அடிப்பதையும்தான்: அடி பயத்தைக் கூட்டும், பயம் கூடினால் மெல்லுவதும் கூடும். காலர் காய்ந்தபடி வீடு வந்த நாளில் அதைக் கவனித்ததாகச் சொல்லுங்கள், அது போதும்.

வாய்க்கும் ஏதாவது வேலை வேண்டும். இடைவேளைக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் கேரட், செங்காயாக ஒரு கொய்யா, தட்டை, முறுக்கு என்று நன்றாகக் கடித்து மெல்லக்கூடியதைக் கொடுத்தனுப்புங்கள். உறிஞ்சு குழாய் உள்ள தண்ணீர் பாட்டில் சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. கழுத்தில் தொங்கவிடும் சிலிக்கான் மெல்லுபொருட்கள் விற்கிறார்கள். எல்லோருக்கும் தேவையில்லை, வாங்கினால், இழுத்தவுடன் கழன்றுவிடும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். பொத்தான் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம், அது மூச்சுக்குழாயில் சிக்கலாம். இரட்டை நூலில் இறுக்கித் தைத்துவிடுங்கள். எச்சில் பட்டு உதட்டோரமும் கழுத்தும் சிவந்திருந்தால் இரவில் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம்.

சத்துக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்லுவது வேறு, விழுங்குவது வேறு. துணியை மென்று துப்பிவிடும் குழந்தைக்கு இரத்தச்சோகை என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் நூலையும் துணியையும் விழுங்குகிறான், கூடவே சாக்பீஸ், பல்பம், மண், பச்சரிசி, பனிக்கட்டி என்று தேடிப்போகிறான், இது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் அது அரிதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தால் தெரிந்துவிடும். இவன் வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. பரிசோதிக்காமல் மருந்துக்கடையில் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, அசைவம் சாப்பிடுபவர்கள் என்றால் ஈரல், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. விழுங்கிய நூல் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். தொடர்ந்து விழுங்கினால் அரிதாக இரைப்பையில் திரண்டு கட்டியாகலாம். வயிற்று வலி, வாந்தி, பசியின்மை வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தானாகச் சரியாகுமா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆகிவிடுகிறது, நாள் பிடிக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது மறுபடி தலைகாட்டினால் எல்லாம் வீணாயிற்று என்று நினைக்காதீர்கள், முஷ்டிப் பயிற்சியை மீண்டும் தொடங்குங்கள். ஆனால் பள்ளிக்குப் போகவே மறுக்கிறான், நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது, தூக்கம் கெட்டுவிட்டது, கண் சிமிட்டலும் தொண்டைக் கனைப்பும் ஓயவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுவயதிலிருந்தே பேச்சிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் பின்தங்கியிருந்தால், சத்தத்துக்கோ சில துணிகள் உடலில் படுவதற்கோ மிகவும் கூசினால், ஆட்டிசம் உண்டா என்று பரிசோதிப்பதும் நல்லது. முதலில் உங்கள் குழந்தைகள் நல மருத்துவர். தேவைப்பட்டால் அவரே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். அதற்குமுன் யாரிடமாவது பேசித் தெளிவுபெற விரும்பினால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.